அரிப்பில் விடுதலை பெற்றவர்

மன்னாரிலிருந்து தெற்கே கரையோரமாகச் செல்பவர், வங்காலையைக் கடந்து அருவியாற்றைத் தாண்டியதும், அரிப்பு என்னும் சிற்றூரை அடைவர். முத்துக்குளிப்பினால் ஒரு காலத்தில் உலகெங்கும் பெயர் பெற்றிருந்த கரை அது. தேசாதிபதி நோர்த் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கட்டுவித்த மாளிகையின் இடிபாட்டை ஊரவர் அல்லிராணிக் கோட்டை என்பர். அதனைப் பார்க்கச் செல்வோர் பலர். ஆயின், அண்மையிலேயே பறங்கியர் கட்டி ஒல்லாந்தர் கைக்கொண்ட சிறு கோட்டையொன்றும் உண்டு. அதனை நின்று நோக்குவோர் மிகச் சிலரே.

அக்கோட்டை வாயிலில், 1679ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 18ஆம் நாள் பிற்பகலில், நீண்ட தாடியும் வெறுங்காலுமாக வெள்ளையர் இருவர் வந்து நின்றனர். ஒருவர் பெயர் றொபேட் நொக்ஸ். மற்றவர் பெயர் ஸ்ரீவன் றட்லண்ட். கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகளும் ஆறு மாதங்களும் சிறையிருந்து, காடும் ஆறும் கடந்து தப்பி வந்தவர்கள் அவர்கள். அவருள் நொக்ஸ் என்பவர் பின்னர் இலங்கையைப் பற்றி எழுதிய நூல், இத்தீவின் வரலாற்றைக் கற்போர் எவரும் ஒதுக்க இயலாத நூலாயிற்று.

இவருடைய வரலாற்றை நான் வகுப்பறையில் பலமுறை கூறியிருக்கின்றேன். விடாமுயற்சிக்கும் பொறுமைக்கும் சுதந்திர வேட்கைக்கும் எடுத்துக்காட்டாகவே கூறினேன். அரிப்பு நம் மாவட்டத்து ஊராதலின் மாணவரும் ஆர்வத்தோடு கேட்பர். ஒரு முறை, கதை முடிந்ததும், பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, கதையின் இடையே வந்த வேலைக்காரப் பையனின் பெயர் என்ன என்று கேட்டான். மலைநாட்டிலிருந்து 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவன் அவன். அது கதைக்கு வேண்டியதன்று என்று சொல்லி அவனை இருத்திவிட்டேன். அன்று மாலை அவ்விடை என் மனத்தை உறுத்தியது. நொக்ஸின் நூலை மீண்டும் எடுத்து, இம்முறை அந்தப் பையனைத் தேடிப் படித்தேன். அவ்வாறு படித்தபோது நான் அறிந்திருந்த நொக்ஸ் வேறொருவராகத் தோன்றினார். அந்த நொக்ஸின் வரலாற்றையே இங்கு எழுதுகின்றேன்.

கொட்டியாரத்தில் நேர்ந்தது

றொபேட் நொக்ஸ் 1641ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் பிறந்தவர். தந்தையார் பெயரும் றொபேட் நொக்ஸ் என்பதே. அவர் ஒரு கப்பற்றலைவர். தாயார் கடுமையான சமயப் பற்றுடையவர். மகனுக்கு வேதாகமப் பயிற்சியை இளமையிலேயே ஊட்டியவர். மகன் கடலோடியாவதைத் தந்தையார் முதலில் விரும்பவில்லை. எனினும் இறுதியில் தம் கப்பலாகிய ஆனிலேயே அவரை ஏற்றிக்கொண்டு 1658இல் இந்தியக் கரைகளை நோக்கிப் புறப்பட்டார்.

1659ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மசூலிப்பட்டினத்துக் கடலில் பெரும்புயல் வீசியது. கப்பலின் பாய்மரத்தை வெட்டி வீழ்த்தியே உயிர் பிழைத்தனர். புதிய மரம் நாட்டுதற்குத் தக்க இடம் திருக்கோணமலைக்குத் தெற்கிலுள்ள கொட்டியாரக் குடா எனக் கேட்டு அங்கே சென்று நங்கூரமிட்டனர். அந்நாளிற் கண்டியை ஆண்டவன் இரண்டாம் இராசசிங்கன். பறங்கியரை ஒல்லாந்தரின் துணைகொண்டு துரத்தி, பின் ஒல்லாந்தராலும் ஏமாற்றப்பட்ட அவ்வரசன், வெள்ளையர் எவரையும் நம்பினான் அல்லன். தன் நாட்டுக் குடாவினுள் ஓலையும் காணிக்கையும் இன்றிக் கப்பலொன்று வந்து நிற்கின்றதெனக் கேட்டதும், திசாவை ஒருவனைப் படையோடு அனுப்பினான். கரைக்கு வருமாறு நயமாக அழைக்கப்பட்ட கப்பற்றலைவரும் மகனும், கரையில் நின்ற மாலுமிகளும் 1660ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திற் சிறைப்பட்டனர்.

அடுத்து நிகழ்ந்தது நொக்ஸின் நற்பண்பைக் காட்டுவது. கப்பலை ஆற்றுமுகத்தினுள் கொண்டுவரச் செய்யும் நோக்கோடு, மகனைக் கப்பலுக்குச் செல்ல விடுத்தான் திசாவை. பத்தொன்பது வயது இளைஞர் அவர். கப்பலில் ஏறினார், சூழ்ச்சியை விளக்கிக் கப்பலைக் காத்துக்கொள்ளுமாறு கூறினார். அங்கேயே தங்கியிருந்தால் அவரைத் தடுப்பார் ஒருவரும் இலர். ஆயினும், தந்தையாரைத் தனியே விட மனமின்றி, மீண்டு வருவதாகக் கொடுத்த வாக்கைக் காத்துத் தாமே திரும்பி வந்து சிறைபுகுந்தார். பிறர்க்காகத் துன்பத்தைத் தோளில் ஏற்கும் ஆற்றல் அவ்விளைஞரிடம் இருந்தது என்பதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நொக்ஸ் கல்நெஞ்சர் அல்லர்.

தந்தையின் மறைவும் ஒரு சிறுவனும்

கண்டியரசன் கைதிகளை விலங்கிட்டு வைக்கவில்லை. ஊர்தோறும் ஒருவராகப் பிரித்து, அவ்வவ்வூரார் உணவு கொடுக்க வேண்டுமென ஆணையிட்டான். தந்தையும் மகனும் பண்டாரகொஸ்வத்தை என்னும் ஊரில் வைக்கப்பட்டனர். அவர்களுடன் மூன்றாமவன் ஒருவனும் இருந்தான். தமக்குப் பணிசெய்வதற்கெனக் கப்பற்றலைவர் பறங்கிப்பேட்டையிலிருந்து கொண்டுவந்திருந்த சிறுவன் அவன். சோழமண்டலக் கரையிலுள்ள நம் பறங்கிப்பேட்டைதான். நூல் முழுதும் அவன் நிறத்தாலேயே சுட்டப்படுகின்றான். அவன் பெயரை நான் அதிற் கண்டேனல்லேன்.

அக்காலத்துச் சோழமண்டலக் கரையின் நிலையை இங்கு நினைத்தல் தகும். 1660ஆம் ஆண்டை ஒட்டித் தஞ்சைச் சீமையிற் கொடிய பஞ்சம் நிலவியது. உண்ண வழியற்றோர் தம்மையும் மக்களையும் விற்றனர். அவ்வாறு விலைப்பட்டோரை ஒல்லாந்தர் ஆயிரக்கணக்கில் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றினர். பறங்கிப்பேட்டைச் சிறுவனை அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்று நான் சொல்லவில்லை. மனிதர் கைமாறுவது அன்றாட வாணிகமாயிருந்த கரையொன்றிலிருந்து அவன் வந்தான் என்பதையே சொல்கின்றேன்.

சிறைப்பட்ட தொடக்கத்தில் அச்சிறுவன் எசமானின் சொற்படி முழுதும் நடக்கவில்லை. தன் நிறத்தவரின் நாட்டில் எசமான் கைதியாயிருப்பதைக் கண்டு, மனம் வந்தபோது மட்டும் பணிசெய்தான் என்று நொக்ஸ் குறைப்படுகின்றார். அவனை வற்புறுத்தித் தம்மால் வேலைவாங்க இயலாதென அப்போது எண்ணியிருந்தது தம் அறியாமையே என்றும் எழுதுகின்றார். இப்பகுதியைப் படிக்கும்போது நான் சற்றே நிறுத்தினேன். தம்மைப் பிறர் அடக்கி வைத்திருப்பதை அநீதி என வருந்தும் ஒருவர், அதே வேளையில் தமக்கு அடங்காத ஒருவனைக் குற்றஞ்சாட்டுகின்றார். ஒரே குடிசையில் இரு கைதிகள் இருந்தனர். எழுதத் தெரிந்தவருக்கு ஒரு கைதிதான் தெரிந்தார்.

குளிர்காய்ச்சல் மூவரையும் விடவில்லை. மாதக்கணக்கில் நோயுற்றிருந்த தந்தையார் 1661ஆம் ஆண்டு பெப்புருவரி மாதத்தில் உயிர் நீத்தார். மகனும் எழுந்து நடக்க வலியற்றவராயிருந்தார். அடக்கத்துக்கு உதவுமாறு அயலாரை அழைத்துவரச் சிறுவனை அனுப்பினார். அயலார் வந்தனர், மாடு கட்டும் கயிறொன்றும் கொண்டுவந்தனர். கழுத்தில் அதைக் கட்டிக் காட்டுக்கு இழுத்துச்செல்லலாம் என்றும், அதற்குமேல் உதவி வேண்டுமாயின் கூலி தரவேண்டும் என்றும் கூறினர். நொக்ஸின் உள்ளம் நொறுங்கியது. அன்றிரவு கழிந்தபின், கையிலிருந்த பணத்தைச் சிறுவனிடம் கொடுத்து, தூக்கிச் செல்லத் துணையாள் ஒருவனைக் கூலிக்கு அமர்த்தச் செய்து, தந்தையாரை முறையாக அடக்கஞ் செய்தார்.

அவ்வூரார் கொடியவரா? நாள்தோறும் அக்கைதிகளுக்குச் சோறிட்டவர்கள் அவர்களே. எளியோரை ஆரவாரமின்றிக் காட்டில் அடக்கும் வழக்கம் அந்நாட்டில் உண்டென்று நொக்ஸே பின்னர் எழுதுகின்றார். குலம் தெரியாத அந்நியனின் பிணத்தைத் தொடுதல் தீட்டு என அவர்கள் அஞ்சியுமிருக்கலாம். கயிற்றைக் கொண்டுவந்தவர்களின் உள்ளத்தில் வன்மம் இருந்திருக்க வேண்டுவதில்லை. இறந்தவர் ஒருவருக்குத் தந்தை என்பது அவர்கள் நெஞ்சில் தைக்கவில்லை, அவ்வளவே. அந்தக் கயிற்றை நொக்ஸ் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. ஆயினும் அது கற்பித்திருக்க வேண்டிய பாடத்தை அவர் கற்றாரோ என்பதே என் ஐயம்.

ஒரு வராகனும் ஒரு தொப்பியும்

தந்தையை இழந்த நொக்ஸுக்கு எஞ்சிய துணை அச்சிறுவன் ஒருவனே. ஒருநாள் இருவரும் ஓடையொன்றிலே தூண்டிலிட்டு மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது முதியவர் ஒருவர் அவ்வழியே வந்தார். உன் எசமானுக்குப் புத்தகம் படிக்கத் தெரியுமா என்று சிறுவனை வினவினார். கொழும்பைப் பறங்கியர் இழந்த காலத்தில் தமக்கு ஒரு புத்தகம் கிடைத்ததென்றும், விரும்பினால் விற்பதாகவும் கூறினார். அதைக் கண்டபோது, அது ஆங்கில வேதாகமம்! கடல் கடந்து, மலைகளின் நடுவே, தாய்மொழியை வாசித்து நெடுநாளாகிய இளைஞர் ஒருவருக்கு அது எத்தகைய பேறு என்பதைத் தமிழேட்டின் அருமை தெரிந்தவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நொக்ஸிடம் அப்போது இருந்த செல்வம் ஒரே ஒரு வராகன். அதனை அப்படியே கொடுத்துவிட முற்பட்டார். தடுத்தவன் சிறுவன். அந்தப் பணம் வேறு பல தேவைகளுக்கு வேண்டியிருக்கும் என எடுத்துச்சொல்லி, புத்தகத்தில் விருப்பமில்லாதவர்போல் இருந்தால் மிகக் குறைந்த விலைக்குத் தானே வாங்கித் தருவதாக ஏற்றுக்கொண்டான். அவ்வாறே, பின்னல் தொப்பி ஒன்றுக்கு அவ்வேதாகமம் கிடைத்தது. அடுத்த பதினெட்டு ஆண்டுகளும் நொக்ஸைத் தாங்கிய நூல் அதுவே.

இந்நிகழ்ச்சியை நான் வகுப்பிற் கூறும்போதெல்லாம் இறையருள் என்றே கூறிவந்தேன். நொக்ஸும் அவ்வாறே கருதினார். ஆயின், அவ்வருள் ஒரு தமிழ்க்கரைச் சிறுவனின் கூர்மதி வழியாக வந்தது என்பதை நானும் கவனியாது விட்டேன். எசமானின் வராகனைத் தன் வராகன்போற் காத்தவன் அவன். எசமானின் தேவையை எசமானிலும் நன்றாக அறிந்திருந்தான். பிறர் நிலையிலே தன்னை வைத்துப் பார்க்கும் திறம் அக்குடிசையில் எவரிடம் மிகுதியாக இருந்தது என்று எண்ணிப் பார்க்கலாம்.

பதினெட்டு ஆண்டுகளும் ஒரு பயணமும்

பின்னைய ஆண்டுகளை விரிக்கின் பெருகும். நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார். கோழியும் பன்றியும் வளர்த்தார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார்; நூற்றுக்கு ஐம்பது வட்டி அந்நாட்டு வழக்கம். சிங்களத்தை நன்கு பேசக் கற்றார். எலதெத்தை என்னும் ஊரில் நிலமும் வீடும் வாங்கினார். உடனிருந்த ஆங்கிலேயர் பலர் அந்நாட்டுப் பெண்களை மணந்து குடியமர, இவர் மணஞ்செய்யாதே இருந்தார். ஆங்கிலேயர் ஒருவருக்குப் பிறந்த லூசியா என்னும் சிறுமியை அன்போடு வளர்த்தார். தப்பிச் சென்ற பின்னர், தம் நிலமும் வீடும் அவளுக்கே உரியவை என எழுதியனுப்பினார்.

வெளியே போகும் வழியை அறிதற்கு அவர் மேற்கொண்ட உபாயம் வாணிகம். றட்லண்டும் அவரும் சில்லறைப் பண்டங்களைச் சுமந்து ஆண்டுதோறும் வடக்கு நோக்கிச் சென்று, ஊரும் பாதையும் காவலும் அறிந்தனர். 1679ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆம் நாள் இறுதிப் பயணத்தைத் தொடங்கினர். அநுராதபுரத்தை அடைந்து, அங்கிருந்து மல்வத்து ஓயாவைத் தொடர்ந்தனர். அவ்வாறே வன்னியிற் புகுந்து அருவியாறு எனப் பெயர்பெறுவது. பகலிற் காட்டிடையும், மணற்படுகையிலும், யானைக்கும் முதலைக்கும் அஞ்சி, மனிதர்க்கு அவற்றினும் மிகுதியாக அஞ்சி நடந்தனர். இடையில் இருந்தது வன்னியராண்ட தமிழ் நிலம். தமிழர் தம்மைப் பிடித்து அரசனிடம் ஒப்புவிப்பர் என அவர்கள் நடுங்கினர். ஆனால் மரத்தடியிற் சோறு சமைத்துக்கொண்டிருந்த தமிழ்ப் பிராமணர் இருவரை எதிர்ப்பட்டபோது, அவர்கள் வழிசொல்லி அனுப்பினார்களேயன்றிப் பிடித்துக் கொடுத்தாரல்லர்.

அரிப்புக் கோட்டையில் ஒல்லாந்தர் அவர்களை அன்போடு ஏற்று மன்னாருக்கு அனுப்பினர். அங்கிருந்து கொழும்பு, பின் பத்தாவியா; 1680ஆம் ஆண்டு செப்டெம்பரில் இங்கிலாந்து. கப்பலில் இருந்தபோதே எழுதத் தொடங்கிய குறிப்புகள், விஞ்ஞானி றொபேட் ஹூக்கின் முன்னுரையோடு 1681இல் நூலாக வெளிவந்தன. கண்டி நாட்டின் பயிர், நீர்ப்பாய்ச்சல், சாதி, திருமணம், சட்டம், வழிபாடு என நொக்ஸ் தொடாத துறை இல்லை. தம்மைச் சிறைவைத்த மக்களைப் பற்றி எழுதுகையிலும் பெரும்பாலும் நடுவு நிலை தவறாதவர். ஒல்லாந்து, செருமானியம், பிரெஞ்சு மொழிகளில் அந்நூல் விரைவிலே பெயர்க்கப்பட்டது. டானியல் டெபோ 1719இல் வெளியிட்ட றொபின்சன் குறூசோ என்னும் பேர்பெற்ற கதைக்கு அதுவும் ஒரு தூண்டுகோல் என அறிஞர் கருதுவர். அடுத்த ஆண்டு வெளிவந்த வேறொரு கதையில் டெபோ நொக்ஸின் சிறைவாழ்வையே சுருக்கிச் சேர்த்துள்ளார்.

இவ்வளவோடு நிறுத்தினால், நான் வகுப்பிற் சொல்லிவந்த கதை முடிந்துவிடும். மாணவரும் கைதட்டுவர்.

மடகஸ்காருக்குச் சென்ற கப்பல்

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பனியார் நொக்ஸை ஒரு கப்பலுக்குத் தலைவராக்கினர். முதற் பயணம் தொங்கினை நோக்கியது. 1684இல் தொடங்கிய இரண்டாம் பயணத்தில் அவருக்கு இடப்பட்ட பணி வேறு. மடகஸ்கார்த் தீவுக்குச் சென்று அடிமைகளை விலைக்கு வாங்கி, அத்திலாந்திக் கடலிலுள்ள செயின்ற் எலெனாத் தீவில் கும்பனியாரின் தோட்ட வேலைக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டும்.

நொக்ஸ் சென்றார், வாங்கினார், கொண்டுபோய் இறக்கினார்.

அரிப்புக் கோட்டையை அவர் கண்டு அப்போது ஐந்தாறு ஆண்டுகளே கழிந்திருந்தன. தம் மண்ணிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது எத்தகையது, மொழி தெரியாத இடத்தில் நோயுறுவது எத்தகையது, தந்தையைப் புதைக்கப் பிறரிடம் இரப்பது எத்தகையது என்பவற்றை அந்நாளில் அவரினும் நன்கறிந்த ஆங்கிலேயர் அரியர். கண்டியில் அவருக்கு உணவளிக்கப்பட்டது, நிலம் வாங்க உரிமை இருந்தது, விலங்கு இல்லை. மடகஸ்காரில் அவர் வாங்கியவர்களுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. நொக்ஸ் முதுமையில் தம் வாழ்க்கைக் குறிப்புகளைக் கைப்பட எழுதி வைத்தார். அவை 1911இல் அச்சேறின. அவ்வாணிகத்தைப் பற்றி அதில் வாணிகமாகவே பேசுகின்றார்.

செயின்ற் எலெனாவில் அவருக்கு ஒரு துன்பம் நேர்ந்தது. அவர் கரையில் இருந்த சமயம், மாலுமிகள் கப்பலைக் கைப்பற்றிக்கொண்டு ஓடிவிட்டனர். மீண்டும் ஒரு தீவில் கப்பலிழந்து நின்றார் நொக்ஸ். தாம் கொணர்ந்து இறக்கியவர்களும் அதே தீவிற்றான் இருந்தனர். அவர் பின்னர் வேறு கப்பலேறி நாடு திரும்பினார்; அவர்கள் திரும்பவில்லை. 1694இற் கும்பனியாரின் சேவையை விட்டார். 1720ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இலண்டனில் மணமாகாதவராகவே மறைந்தார்.

பட்டறிவு மட்டும் போதுமா?

தன் அனுபவத்துக்கு அப்பாற்பட்ட துன்பத்தை மனிதனால் உணர முடிவதில்லை என்பது உலகோர் கூறும் காரணம். பசித்தவனே பசியை அறிவான் என்பர். நொக்ஸின் வாழ்வு இக்கூற்றைப் பொய்யாக்குகின்றது. அவர் பசித்தவர், சிறைப்பட்டவர். இருந்தும் அறிந்தாரல்லர். ஆகவே குறை பட்டறிவில் இல்லை, வேறெங்கோ இருக்கின்றது.

நான் எண்ணிப் பார்த்த அளவில், அது மூன்று இடங்களில் இருக்கின்றது. ஒன்று, நொக்ஸ் தம் துன்பத்தைத் தமக்கென்றே இறைவன் வகுத்த சோதனையாகக் கருதினார். தனக்கேயுரியதென ஒருவன் கருதும் துன்பம் பிறனுடைய துன்பத்துக்கு அளவுகோலாவதில்லை. அது ஓர் ஆபரணம்போல் அணிந்தவனிடமே தங்கிவிடும். இரண்டு, நாடிழந்து வந்தவருக்கு அக்கப்பலே சோறு. சோற்றுக்கு இடையூறாகும் எண்ணத்தை மனம் வாயிலிலேயே தடுத்துவிடும். மூன்று, பெயர். லூசியாவுக்குப் பெயர் இருந்தது. றட்லண்டுக்குப் பெயர் இருந்தது. அவர்களுக்காக நொக்ஸின் உள்ளம் இளகியது. பறங்கிப்பேட்டைச் சிறுவனுக்கு அவர் ஏட்டிற் பெயர் இல்லை. கப்பலில் ஏற்றப்பட்டோருக்கும் இல்லை. பெயர் தெரிந்தவனை மனிதனாகவும், தெரியாதவனைத் தொகையாகவும் எண்ணும் பழக்கம் மிகப் பழையது.

அது அந்தக் காலத்து வழக்கம், இன்றைய அளவுகோலால் அவரை அளத்தல் முறையன்று என்று ஒருவர் சொல்லலாம். அதற்கு விடை அந்தக் காலத்திலேயே உண்டு. 1688ஆம் ஆண்டு, அமெரிக்காவில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த செருமன்ரவுண் என்னும் ஊரில் நால்வர் கூடி அடிமை முறைக்கு எதிராக ஒரு விண்ணப்பம் எழுதிக் கைச்சாத்திட்டனர். அவர்கள் நொக்ஸைப்போற் பத்தொன்பது ஆண்டு சிறையிருந்தவரல்லர். கடலில் முன்பின் அறியாத கப்பலொன்று தோன்றினால், துருக்கியர் தம்மைப் பிடித்து விற்றுவிடுவரோ என்று பயணிகள் அஞ்சுவதை எடுத்துக்காட்டி, அவ்வச்சத்துக்கும் ஆபிரிக்கர் படும் பாட்டுக்கும் என்ன வேற்றுமை என வினவினர். நேராத துன்பத்தின் அச்சத்திலிருந்து அவர்கள் பிறர் துன்பத்தை அறிந்தனர். நேர்ந்த துன்பத்திலிருந்தும் நொக்ஸ் அறியவில்லை. இருவகையினரும் ஒரே தலைமுறையினர்.

டெபோவின் கதையிலும் இவ்வேற்றுமையின் நிழல் படிந்திருக்கின்றது. தனித்தீவை அடையுமுன் குறூசோ மூர்களிடம் அடிமைப்பட்டிருந்தவன். சூரி என்னும் சிறுவனின் துணையோடு தப்பியவன், தன்னை மீட்ட கப்பற்றலைவனுக்கு அச்சிறுவனையே அறுபது வெள்ளிக்கு விற்றுவிடுகின்றான். பின்னர் அடிமைகளை வாங்கப் புறப்பட்ட பயணத்திலேதான் கப்பலுடைந்து தீவில் ஒதுங்குகின்றான். நாம் சிறுவயதிற் சுருக்கிப் படித்த பதிப்புகளில் இப்பகுதி பெரும்பாலும் விடப்பட்டிருக்கும். நானும் என் கதையிலே விட்டுத்தானே சொன்னேன்!

நம் முற்றத்தில்

நொக்ஸைக் கூண்டில் நிறுத்திவிட்டு நாம் நீதிபதியாக அமர்தல் எளிது. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த நம் தேசவழமைச் சட்டத்திலும் அடிமைகளைப் பற்றிய விதிகள் இருந்தன. இலங்கையில் அடிமை முறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844இல். பிறிதோர் உயிரின் நோயைத் தன் நோய்போற் கருதாத அறிவினால் பயன் யாதென வள்ளுவர் வினவிய குறளை மனப்பாடஞ் செய்திருந்த பண்டிதர் வீடுகளிலும் அடிமைகள் இருந்திருப்பர்.

அடிமை முறை ஒழிந்த அதே காலத்தில், கோப்பித் தோட்டங்களுக்கென இராமநாதபுரம் முதலிய சீமைகளிலிருந்து தமிழ் மக்கள் நம் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தனர். நொக்ஸ் விடுதலை தேடி வடக்கே வந்தார். அவர்கள் பிழைப்புத் தேடித் தெற்கே போயினர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் வீழ்ந்தோர் பலர். அவர்கள் பேசிய மொழி நம் மொழி. ஆயினும் அவர்களைக் கூலிகள் என்னும் தொகையாகவே நம்மவர் கண்டனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களின் வழித்தோன்றல்கள் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின்னர், திருப்பி அனுப்பப்பட்டோர் தலைமன்னார்த் துறையிற் கப்பலேறினர். நம்முள் எத்தனை பேர் அவர்களுள் ஒருவரின் பெயரையேனும் கேட்டறிந்தோம்? அந்த மாணவன் வேலைக்காரப் பையனின் பெயரைக் கேட்டதன் பொருள் எனக்குப் பிந்தியே விளங்கியது.

இன்னும் அண்மையில் ஒன்றுண்டு. எழுதக் கை தயங்குகின்றது. 1990ஆம் ஆண்டிற் போருக்கஞ்சி மன்னார்த்தீவிலிருந்து தமிழர் பலர் இராமேசுவரத்துக்குப் படகேறினர். அதே ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், விடுதலைப் புலிகளின் கட்டளையால், அதே தீவின் முஸ்லிம் மக்கள் பிறந்த வீட்டை விட்டுக் கற்பிட்டிப் பக்கமாகப் படகேறினர். வடக்கே போன படகில் இருந்தவர்களுக்கும் தெற்கே போன படகில் இருந்தவர்களுக்கும் கண்ணீர் ஒன்றே. எனினும் எம் துயரைப் பற்றி நாம் நிரம்பப் பேசினோம். அவர் துயரைப் பற்றிக் குறைவாகவே பேசினோம். நொக்ஸிடம் நான் கண்ட குறையை என்னிடமும் காண்கின்றேன்.

துன்பம் தானாக எவரையும் இரக்கமுடையவராக்குவதில்லை. அது கதவைத் தட்டும்; திறப்பது நம் கை. திறப்பதற்கு முதற்படி, எதிரில் நிற்பவனின் பெயரைக் கேட்பதுதான் போலும். இப்போதும் நொக்ஸின் வரலாற்றை வகுப்பிற் கூறுகின்றேன். ஓடைக்கரையில் எசமானின் வராகனைக் காத்த சிறுவனிடம் வந்ததும் சற்றே நிறுத்துகின்றேன். அவன் பெயரைத் தம் ஏட்டில் எழுத நொக்ஸ் நினைக்கவில்லை என்று மாணவரிடம் சொல்கின்றேன். அதன் பின்னரே அரிப்புக் கோட்டைக்குக் கதையை நடத்திச் செல்கின்றேன்.